ஓய்வுநாளில் வந்த கடிதம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் சுவிட்சர்லாந்து மலைகளுக்குள், எங்கடின் பள்ளத்தாக்கில் இருந்த அந்த யூத ஹோட்டலில், பால் பாத்திரம் கழுவும் தொட்டி எது, இறைச்சிப் பாத்திரம் கழுவும் தொட்டி எது என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் வந்த பட்டதாரி நாலாம் நாளே கரண்டியை மாற்றிப் போட்டு வேலையை இழந்தான்.

சனிக்கிழமைதான் உண்மையான படிப்பு. அன்று அவர்களுக்கு ஓய்வுநாள், விளக்குக்கூடப் போடமாட்டார்கள். எங்களைப் போடச் சொல்லவும் மாட்டார்கள். சமையலறையில் பாலும் இறைச்சியும் கலக்காமல், முறை தவறாமல் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரப் பெரியவர், "இங்கை இருட்டாக் கிடக்கு" என்று யாருக்கோ சொல்வதுபோல ஜெர்மனில் சொல்வார். நான் போய் விளக்கைப் போடுவேன். குறிப்பறிவதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை.

எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதச் சனிக்கிழமை காலையில் கன்டோன் என்று சொல்லும் மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கை கைக்குழந்தையோடு வேறு கன்டோனில், வில் நகரத்தில் தனியாக இருந்தாள். அகதி மனுக் கொடுத்த கன்டோனை விட்டு இன்னொன்றில் போய்க் குடியிருக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அவளோடு போய் இருக்க விடுங்கள் என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் அது.

உறையைக் கிழித்தேன். ஜெர்மன் பேச்சு காதில் ஏறியிருந்தது; எழுத்து எனக்கும் தெரியாது, என்னோடு பாத்திரம் கழுவிய மன்னார்க்காரருக்கும் தெரியாது. வழக்கமாக வாசித்துச் சொல்பவர் பெரியவர். அவரோ ஓய்வுநாளில் அலுவலகக் கடிதத்தைத் தொடமாட்டார்.

"வானத்திலை மூண்டு வெள்ளி தெரிஞ்சால் அவையின்ரை நாள் முடிஞ்சிடும். பொறுங்கோ அண்ணை," என்றார் மன்னார்க்காரர்.

"இந்தப் பனிமூட்டத்துக்குள்ளை வெள்ளியை நீரோ காட்டப்போறீர்?"

கடிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பெரியவர் முன்னால் போய் நின்றேன். பட்டப்பகல்.

"இங்கை இருட்டாக் கிடக்கு," என்றேன்.

தாடிக்குள் சிரித்தார். கையை நீட்டவில்லை, கண் மட்டும் தாளின் மேல் ஒருமுறை போய்வந்தது. சிரிப்பு நின்றது.

"இரும், இந்தக் கிழமை வேதப்பகுதியைச் சொல்லுறன்."

கிழமைக்கு ஒரு பகுதி வாசிப்பது அவர்கள் வழக்கம். அன்றையது கடல் பிளந்த கதை. அடிமைகள் கடலைக் கடந்து வந்துவிட்டார்கள். வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுகிறது, ஆறாம் நாள் இரட்டிப்பாக. "ஏழாம் நாள்," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "ஒருத்தரும் தன்ரை இடத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது."

"கடலைத் தாண்டி வந்த சனத்துக்கோ?"

"ஓம். கடலைத் தாண்டி வந்த சனத்துக்குத்தான்."

ஜெர்மன் எழுத்துத் தெரியாமல் அரசாங்கக் கடிதம் வாசித்தவன் அந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருவன்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தாளிகள் பனியில் நடக்கப் போனார்கள். ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், சுவரில் முட்டியவர்கள்போலத் திரும்பினார்கள். ஓய்வுநாளில் அவர்களுக்கு அவ்வளவு தூரம்தான். சமையலறை யன்னலில் நின்று பார்த்தேன். பொழுதுபட்டால் அவர்களுக்கு வழி திறந்துவிடும்.

பொழுதுபட்டதும் பெரியவர் கடிதத்தை வாங்கி வரிவரியாக வாசித்தார். நான் விளங்கிக்கொண்டதில் ஒன்றும் மாறவில்லை. ரயில் நிலையத் தொலைபேசியில் தங்கையை அழைத்தேன். பின்னால் குழந்தை அழுதது.

"இங்கை சரியான பனி, தங்கச்சி," என்றேன்.

அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"பாதையை மூடிப்போட்டாங்களோ, அண்ணை?"

"ஓம்."