கழுவிப்போன அம்மைப்பால்

அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு சங்கராந்தி கழிந்த வாரம், மைசூரில் எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் பெரியம்மை. என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். அவன் கையில் அம்மைப்பாலைச் சொட்டாக வைத்து ஊசியால் கீறினார். அவன் போட்ட கூச்சலுக்கு, "மெல்லப்பா, சாமுண்டி மலையே இறங்கி வந்துடும்!" என்று சிரித்தார். "இது தானாக் காயணும்மா. ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது, ஆயித்தா?" என்று, சரிதானே என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். "கண்டவாளைத் தொட்ட கை பட்டிருக்கு. குழந்தைக்கு ஸ்நானம் பண்ணிவை, பெருமாள் இருக்கிற பூஜை உள்ளுக்குத் தவழ்ந்து போயிடப் போறான்" என்றார் மாமியார். நான் பள்ளி இறுதி வரை படித்தவள். ஆனாலும் மடி ஆசார விஷயத்தில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கடலை மாவு போட்டு, அந்தக் கையையும் சேர்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

எட்டாம் நாள் அவர் பார்வையிட வந்தார். தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொப்புளம் எழும்பியிருந்தது. என் மகன் கை மட்டும் வழவழவென்று இருந்தது. அதற்குள் பக்கத்துத் தெருவில் மூன்றாவது வீட்டிலும் வேப்பிலை செருகிவிட்டார்கள். குளிப்பாட்டினாயா என்று கேட்டால், மாமியாருக்கு எதிரில் என்ன சொல்வேன்?

அவர் கேட்கவில்லை. குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான்தான் சரியாக் குத்தலை போலிருக்கு, பெரியம்மா" என்று மாமியாரிடம் சொல்லி, நோட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டார். மறுபடி குத்தினார். காயும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நாள் நீங்களே பார்த்துக்கணும். தண்ணி பட்டா என் வேலை போயிடும்."

"அடாடா, அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு?" என்ற மாமியார், இரண்டு நாளும் குழந்தையின் பக்கத்தில் ஒரு சொம்பு ஜலத்தைக்கூட வைக்கவிடவில்லை.

இரண்டாம் முறை குத்தியது கொப்புளமாக எழும்பித் தழும்பாயிற்று. மகனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தத் தழும்பின்மேல் என் கை ஒரு கணம் நிற்கிறது. அவன் இன்று ஓடி விளையாடுவது அந்த மனிதர் ஏற்றுக்கொண்ட பழியால்தான். இந்த மாதம் அவர் மறுபடி வருவார். என் தவறு இன்னும் அவர் நோட்டில் அவர் தவறாகவே இருக்கிறது. உண்மையைச் சொல்லித் திருத்தச் சொல்வதா, அவர் மூடிவைத்ததை அப்படியே விட்டு நன்றி மட்டும் சொல்வதா? என்னைவிட விவரம் தெரிந்த வாசகிகள் யாராவது எழுதுங்களேன்.