அய்யா ஆழப்படுத்திய கிணறு

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய வீட்டில் குறை சொல்ல முடியாதது கிணறு ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கைக்கு வேலை வைத்தது. ஐப்பசி மழைக்கு வாசற்கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுக்கும். விளிம்பெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன், அடங்கியது. கடல் காற்றில் தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போகும். அதற்கு நல்லெண்ணெயில் நனைத்த துணி. சுவரில் உப்புப் பூத்து, சாய்ந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் முதுகில் வெள்ளையோடு எழுந்து போவார்கள். துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து நானே பூசினேன். ஒரு வருஷம் தாங்கியது.

இதற்கெல்லாம் என் வீட்டுக்காரரை எதிர்பார்த்திருந்தால் வீடு எங்கள் தலையிலேயே விழுந்திருக்கும். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு ஆணியைக் கையில் கொடுத்தால் அதை எங்கே அடிப்பது என்று என்னையே கேட்பார்.

என் நகைகளை விற்று இந்த வீட்டை வாங்கியது அந்தக் கிணற்றுக்காகத்தான். அந்தத் தெருவில் மற்றக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு. எங்கள் வீட்டில் மட்டும் நல்ல தண்ணீர். ஆழமே கிடையாது. குனிந்தால் முகம் தெரியும், கயிறு நீளமாக வேண்டாம். காலையில் தெருப் பெண்கள் குடத்தோடு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காதான் முதல் ஆள், லாத்தா என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தார். லாத்தா சிரித்துக்கொண்டே, "ஒங்க வீட்டுத் தண்ணியில பொங்குனாத்தான் எம் புள்ளைக சோறு திங்குதுக, தங்கச்சி" என்பார். எனக்குத் தலை கால் புரியாது.

நான் பிறந்தது கமுதிப் பக்கம், மிளகாய் விளைகிற கரிசல் காட்டில். அங்கே குடிக்கிறது கண்மாய்த் தண்ணீர், காப்பி நிறத்தில் இருக்கும். பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் மண்ணெல்லாம் அடியில் படிந்து தெளிந்துவிடும். கல்யாணமாகி வரும்போது ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். இந்த வீட்டில் முதல் நாள் நான் பானைக்குள் உரசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு இவர் சிரித்த சிரிப்பு! "கண்ணாடி மாதிரி இருக்க தண்ணிக்கு எதுக்குடி இது?" என்றார். அவர் பக்கத்துப் புதுமடத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இந்த மண்ணும் தண்ணீரும் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்போது என்னைப் பெற்ற அய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்யா எங்கள் ஊரில் கிணறு வெட்டுவதில் பெரிய கை. தண்ணீர் வற்றிவிட்டால் அங்கே மருந்து ஒன்றுதான்: இன்னும் ஆழமாகத் தோண்டு. பாறை வந்தால் உடைத்துக்கொண்டு போ. எத்தனையோ கிணறுகளுக்குள் இறங்கி, ஊற்று வந்ததும் முதல் கை அள்ளிக் குடித்துப் பார்த்து, "இது ஆடு மாட்டுக்கு, இது மனுசனுக்கு" என்று தீர்ப்புச் சொன்னவர். அவர் சொன்னால் ஊரே கேட்கும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளமாட்டார்கள். மரியாதையாம். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். இவர் அடுப்படியைப் பார்த்து, "மாமா கை கழுவச் சொம்பு வையி" என்பார். அய்யா இந்தப் பக்கம் இருந்துகொண்டு, "மாப்ளைக்கு மொத எல போடு ஆத்தா" என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். நடுவில் நான் தபால்காரி மாதிரி நடையாய் நடக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். இருந்தாலும் ஊர் வழக்கத்தை நான் ஒருத்தி மாற்ற முடியுமா?

வீடு வாங்கின மறு கோடையில் அய்யா வந்தார். ஒரு சாக்கு மிளகாய் வற்றல், ஒரு பை துவரம்பருப்பு. வந்தவர் காப்பியைக் கூடக் குடிக்காமல் கிணற்றடிக்குத்தான் போனார். கோடையில்லையா, தண்ணீர் முழங்கால் அளவுக்குக் கிடந்தது. எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போயிற்று. மகளின் நகையெல்லாம் இந்தக் குட்டைக்கா போயிற்று என்று நினைத்திருப்பார்.

மறுநாள் சந்தை. நான் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வெயில் ஏறித் திரும்பி வந்தால், முற்றத்தில் மணல் மலையாகக் கிடக்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து அய்யாவின் தலை எழும்பி வருகிறது. தலைப்பாகையெல்லாம் ஈரம். மேலே கயிறு பிடித்துக்கொண்டு ஒரு கூலியாள்.

"ஆத்தா, வா வா! இங்கன வந்து பாரு! அடியில சுக்கான் பாறை கெடந்துச்சு. கடப்பாரையப் போட்டு ஒடச்சேன் பாரு, ஊத்துக் கண்ணு தொறந்துருச்சு!"

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் நெஞ்சளவுக்கு நின்றது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நானும் கமுதிக்காரிதானே, தண்ணீர் உயர்ந்தால் நல்லது என்றுதான் எனக்கும் தெரியும். தெருவே வந்து பார்த்தது. லாத்தா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார். ஆச்சரியத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இவர் மதியம் சாப்பிட வந்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு அரைச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டார். "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். ஊமைக்கோட்டான்!

சில நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலை அய்யாவுக்குக் காப்பி போடலாம் என்று பாலில் தண்ணீர் கலந்து அடுப்பில் வைத்தேன். பால் திரிந்துவிட்டது. பால்காரி நேற்றைய பாலைக் கொடுத்துவிட்டாள் என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். பாவம் அவள். மத்தியானம் அய்யா கொண்டுவந்த பருப்பை வேகவைத்தேன். விறகு தீர்ந்தது, பருப்பு வேகவில்லை. கல் மாதிரி உருண்டுகொண்டு கிடந்தது. அப்போதுதான் பானைத் தண்ணீரை ஒரு வாய் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

என் நகை, என் வீடு, தெருப் பெண்களின் குடங்கள், எல்லாம் அந்த ஒரு வாயில் இருந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வந்ததும் கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்பது பால்மேல் ஏடு மாதிரி, மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு கிடப்பது. மேலாக மோந்துகொள்ள வேண்டும். ஏட்டைக் கிழித்துக்கொண்டு கீழே போனால் உப்பு மேலே வந்துவிடும்.

"இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அய்யா கடப்பாரைய எடுத்தப்ப நீங்க எங்கன இருந்தீக?"

"கெணத்தடியிலதான்."

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ இல்லையேடி. 'அவ வந்ததும் கேட்டுக்கலாம்'னு செவுத்தப் பாத்துச் சொன்னேன். மாமா தலைய ஆட்டுனாரு. சரின்னு நெனச்சு நான் டூட்டிக்குப் போயிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். மருமகன் சுவரைப் பார்த்துச் சொன்னானாம், மாமனார் தலையை ஆட்டினாராம், அதற்குள் என் கிணறு செத்துப்போயிற்று! நான் போட்ட சத்தத்தில் காகமெல்லாம் பறந்திருக்கும். "ஒருத்தருக்கு வாயி தொறக்காது, ஒருத்தருக்குக் காது தொறக்காது. ரெண்டு பேரு மரியாதைக்கு நடுவுல நான் உப்புத் தண்ணி குடிக்கணுமா?"

கத்தி முடித்துத் திரும்பினால் அய்யா வாசற்படியில் நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வெட்டிப் போட்ட மணலைக் கூடை கூடையாக அள்ளிக் கிணற்றுக்குள்ளேயே கொட்ட ஆரம்பித்தார். கூலியாள் வேண்டாம் என்றுவிட்டார். சாப்பிடவும் வரவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் காலை தெருப் பெண்கள் வரவில்லை. லாத்தா மட்டும் வெறுங்கையோடு வந்தார். "விடு தங்கச்சி. நல்லதுக்குத்தான செஞ்சாக. அந்தக் கெணறு மழைக்குத் தேறுதோ என்னமோ, அல்லாவுக்குத்தான் தெரியும். தென்னங்கன்னுப் பக்கம் சின்னப் பள்ளமாத் தோண்டி வையி. தண்ணி கண்ணுல பட்டதும் நிப்பாட்டிரணும். தேங்காச் சிரட்டையால மேலாக்க மோந்துக்க. ஒங்க வீட்டுக்குப் போதும். அதுவும் உப்பாயிருச்சுன்னா, பெறகு இந்த மனையில தோண்ட வேற எடமில்ல" என்றார். இவரும் அதையே சொன்னார். சொன்னது என்னிடம்தான்.

நான் அய்யாவிடம் போய்ச் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தென்னங்கன்று பக்கம் போனார். வெயில் தாழ்ந்த நேரம். இவர் எதிரே கல் திண்டில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

மணல் லேசாக வந்தது. முழங்கால் ஆழம் போயிற்று, தொடை அளவு போயிற்று. மணல் கறுத்தது, நனைந்தது. அடியில் தண்ணீர் மினுங்கியது. அய்யா நிறுத்தவில்லை. வேண்டுமென்றே இல்லை. தலை குனிந்து எங்கேயோ நினைவாக வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைகளுக்கு ஆழமாகப் போகத்தான் தெரியும்.

இவர் பார்த்துவிட்டார். பதறிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அதுதான் அந்த மனையில் மிச்சமிருந்த நல்ல தண்ணீர். ஆனால் முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டேன். போனாலும் போகட்டும், இந்தத் தடவை நான் தபால் கொண்டுபோகப் போவதில்லை.

அய்யா மண்வெட்டியை மறுபடி ஓங்கினார்.

"மாமா! போதும்! கீழ போகாதீக!"

இவருக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து நின்றிருந்தார். அய்யா ஓங்கின மண்வெட்டியை அப்படியே இறக்கி ஓரமாக வைத்தார். நிமிர்ந்து மருமகனின் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவர் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, மாப்ள?"

"ஒங்க முன்னால எப்படி மாமா..."

"முன்னால சொல்லாம, நான் செத்த பெறகா சொல்லுவீக?"

இவர் பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து மணலிலேயே உட்கார்ந்தார். கலங்கல் அடங்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு அய்யா சிரட்டையை எடுத்து, தண்ணீரை மேலாக, தொட்டும் தொடாமலும் மோந்தார். வழக்கம்போலத் தன் வாய்க்குக் கொண்டுபோகப் போகிறார் என்று பார்த்தேன். அவர் கையை மேலே நீட்டினார்.

"நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, மாப்ள. இந்த ஊருத் தண்ணி எனக்குத் தெரியாது."

இவர் இரண்டு கையாலும் சிரட்டையை வாங்கிக் குடித்தார். நான் முந்தானைக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

"நல்ல தண்ணிதான், மாமா" என்றார்.