பிச்சைக்கனி சொல்லாத பேர்

சாலை பஜாரில் இட்லிக்கடை நடத்தும் பிச்சைக்கனி அக்காவுக்கு எல்லோரையும் பிடிக்கும், தன் பொருளைத் தொடுகிறவர்களைத் தவிர. அவளுடைய தோசைக்கரண்டியை நான் எடுத்தாலே முகம் கறுத்துவிடும். பக்கத்துப் பூக்கடை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ் சர்ச்சிலும் அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். அதனால் சொல்கிறேன், இப்படியொரு பொறாமைக்காரியை நான் பார்த்ததில்லை.

அவள் வயிற்றில் பிள்ளை பிறக்கவில்லை. ஞானப்பிள்ளை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரி நோயில் கிடந்தபோது, அவள் குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போனவள் இவள்தான். எங்கள் சபையில் ஒரு வழக்கம். தொட்டியருகே போதகர், "இந்தப் பிள்ளையின் பேர் என்ன?" என்று கேட்பார். ஞானத்தாய்தான் பதில் சொல்ல வேண்டும். "பிரஜின்" என்று இவள் சொன்னாள். பெற்றவள் செத்த பிறகு சோறு ஊட்டி வளர்த்ததும் இவள்தான்.

பிரஜின் வளர்ந்து, தான் பெண் என்று சொன்னபோது அப்பன் அடித்து விரட்டினான். நாகர்கோவிலில் மாடம்மாள் என்ற திருநங்கை மகளாக ஏற்றுக்கொண்டாள். சுனாமிக்கு அடுத்த வருஷம் பிள்ளை புடவை கட்டி, சுஜா என்ற பேரோடு திரும்பி வந்தது. பிச்சைக்கனி கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆனால் அன்றும் அதன்பின்னும் அவள் வாயில் வந்தது பிரஜின் என்ற பேர்தான்.

சுஜாவுக்கு ஒரே ஆசை, சபையில் பெண்ணாக உட்கார வேண்டும். கமிட்டிக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். போதகர் அசரவில்லை. ஞானஸ்நானம் ஒருமுறைதான், மறுபடி தண்ணீர் கிடையாது. ஆனால் ஞானஸ்நானத்தில் செய்த உடன்படிக்கையைச் சபை முன்னால் புதுப்பிக்கலாம், புதுப் பேரையும் அப்போதே பக்கத்தில் நிற்கிறவள் சொல்லலாம், அதன்பின் யாரும் பழைய பேரால் கூப்பிடக் கூடாது என்றார்.

உடனே பிச்சைக்கனி, தான்தான் பக்கத்தில் நிற்கப்போகிறோம் என்று வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டுவிட்டாள். சுஜா கடைக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"பெரியம்மே, அங்க பேரு சொல்லணுமில்லா? நீங்க அதச் சொல்ல மாட்டீங்களே. மாடம்மாள் அம்மா நிக்கட்டும்."

அவள் போன பிறகு அக்கா என்மீது எரிந்து விழுந்தாள்.

"நான் வச்ச பேருக்கு என்ன கேடு? நேத்து வந்தவ நிப்பா, நான் பெஞ்சில இருந்து பாக்கணும், அல்லே?"

அந்த வாரம் முழுக்கச் சாம்பாரில் உப்புக் கரித்தது. வாடிக்கைக்காரர்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றார்கள்.

ஞாயிறு வந்தது. மாடம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு சுஜாவின் கையைப் பிடித்துத் தொட்டியருகே நின்றாள். அக்கா அந்தக் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளையின் பேர் என்ன?" என்று போதகர் கேட்டார்.

பாவம், மாடம்மாளுக்குச் சர்ச் வழக்கம் தெரியாது. சுஜா சொல்லிக்கொடுத்ததும் பதற்றத்தில் மறந்துபோக, அதையும் ஜெபம் என்று நினைத்துக் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றாள். சுஜா தன் பேரைத் தானே சொல்லக் கூடாது. போதகர் மறுபடி கேட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து எவனோ "பிரஜின்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சுஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. அக்கா எழுந்துவிட்டாள்.

"சுஜா. எம்பிள்ளைக்குப் பேரு சுஜா."

நேரே நடந்துபோய், மாடம்மாளை முழங்கையால் ஒதுக்கி, சுஜாவின் வலது கையைப் பிடித்தாள். மாடம்மாள் இடது கையை விடவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று சுஜா உடன்படிக்கையைச் சொன்னாள்.

அக்கா திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் கடைக்குச் சாப்பிட வந்த மாடம்மாளின் இலையில் சட்னி ஊற்றவில்லை, வேண்டுமென்றேதான். இப்போது தினமும் காலையில் கடை திறந்ததிலிருந்து சுஜா, சுஜா என்று ஒரே கூப்பாடு. இன்னொருத்தி அந்தப் பேரைச் சொல்ல இடமே விடுவதில்லை.