மாத்திரைக்கு அப்புறம்தான் பாட்டு

காசியம்மாள் எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளைப் பார்த்துப் பிரிக்கிற வேலை அவளுக்கு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கிற கோப்பைக்குள் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும் என்பதைத் தினமும் கண்டவள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரன் அளந்து ஊற்றிய பாலைத் திரும்ப அளப்பாள். கோயில் திருநீற்றைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள் என்று அவள் புருஷன் பழமலை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அறுபத்தொன்பதாம் வருஷம், மகள் வாசுகிக்கு ஏழு வயதாகும்போது, ஸ்ரீமுஷ்ணம் போகிற காலை பஸ்ஸில் முதல் வலிப்பு வந்தது. சாலையோரம் வரிசையாகப் புளியமரங்கள். மர இடுக்குகளில் புகுந்த வெயில் பளிச் பளிச்சென்று விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தில் அடித்தது. பேசிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். கண் செருகியது. கைகால் வெட்டி இழுக்கச் சரிந்தாள். யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். காற்று சேட்டை, மந்திரிக்க வேண்டும் என்றார்கள். காசியம்மாள் மந்திரிப்பவரையும் நம்பவில்லை.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வெளிச்சத்தைத்தான் குற்றம் சொன்னார். விட்டுவிட்டு மின்னுகிற வெளிச்சம் சில பிள்ளைகளின் மூளைக்கு ஆகாது. தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஒருநாளும் விடக் கூடாது. வலிப்பு வந்தால் இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். அவள் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டாள். மாத்திரை ஆரம்பித்ததும் வலிப்பு குறைந்தது. அதிலிருந்து அவள் மாத்திரையை நம்பினாள். டாக்டரை நம்பினாள் என்று சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் பக்கத்துத் தெருவுக்கு ஆதிலட்சுமி டீச்சர் குடி வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சாயங்காலம் வீட்டிலும் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த வாசுகியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வலிப்பு என்று கேள்விப்பட்டும் விரட்டவில்லை. “சங்கீதத்துக்கு அடங்காத நோவு இல்ல, அனுப்பி வைங்க” என்றாள். சம்பளமும் வேண்டாமாம்.

“சும்மா எவளாவது பாட்டு சொல்லித் தருவாளா?” என்று காசியம்மாள் கூட வேலை பார்க்கும் ஆண்டாளிடம் கேட்டாள்.

“ஒம் பொண்ண தூக்கிட்டுப் போயி கச்சேரி வெக்கப் போறா. நீ டிக்கெட்டு கிழி” என்றாள் ஆண்டாள்.

காசியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் வேலையிலிருந்து முன்னதாகவே கிளம்பிப் போய் டீச்சர் வீட்டு ஜன்னலோரம் நின்றாள். தின்ன எதுவும் கொடுக்கவில்லை, திருநீறும் பூசவில்லை. பிள்ளைகள் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுச் சரளி வரிசை பாடின. கூடத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு அசையாமல் எரிந்தது. மின்னுகிற வெளிச்சமே இல்லாத இடத்தில் வலிப்பு வராததற்குப் பாட்டு எப்படிப் பொறுப்பாகும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள்.

நாலு மாதம் வலிப்பே இல்லை. தெருவே டீச்சரைப் புகழ்ந்தது.

தை மாதம் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். காலை பஸ். மரங்கள் வந்ததும் வாசுகி தானாகவே கண்ணை மூடிக்கொண்டு சரளி வரிசையை முணுமுணுத்தாள். “டீச்சரு சொன்னாங்க, பாடுனா வராதாம்” என்றாள். மூடின இமைக்கு மேலும் வெயில் விட்டுவிட்டு அடித்தது. இரண்டாவது வரிசையில் குரல் அறுந்தது. அந்த வலிப்பு ஓய்ந்து கண் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. முன்னெப்போதும் இப்படி அடுத்தடுத்து வந்ததில்லை. காசியம்மாள் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டை விட்டுவிட்டு, எதிர் பஸ்ஸில் திரும்பினாள்.

வாசுகியை வீட்டில் படுக்க வைத்து, பக்கத்து வீட்டுக்காரியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு நேராக டீச்சர் வீட்டுக்குத்தான் போனாள்.

“எம் பொண்ணுக்கு மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்கதான?”

“நா ஏம்மா அப்பிடி சொல்லப் போறேன்? மாத்திரை தர்றீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது.”

“தெனம் தின்னா இப்பிடி அடுத்தடுத்து இழுக்காது. யாரோ பூந்து வெளையாடியிருக்காங்க.”

“ஒங்க வூட்டுக்காரரு மார்கழியில வந்தாரு. பாட்டாலதான் நின்னுச்சான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். அது மட்டுந்தான்.”

“அது மட்டுந்தானா” என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

பழமலைக்கு ராத்திரி சூளையில் கரி போடுகிற வேலை. பகலில் வீட்டில் இருப்பவன் அவன்தான் என்பதால் சாயங்கால மாத்திரை அவன் பொறுப்பு. அவன் எதையும் மறைக்கவில்லை. “அத தின்னா புள்ள தூங்கித் தூங்கி வுழுது. ஸ்கூல்ல திட்றாங்க. அதான் நோவு நின்னுடுச்சே. சரக்கு வெந்த பெறகும் எவனாவது சூளைக்குக் கரி போடுவானா?”

“வெந்த ஒடனே கதவத் தெறந்துடுவியா நீ?”

வெந்த சூளையை அடைத்து வைத்து ஆறவிடாமல் திறந்தால் உள்ளே ஒரு கோப்பை மிஞ்சாது. அது பழமலைக்குத் தெரியாததல்ல. அன்று சாயங்காலம் மாத்திரையைக் காசியம்மாளே கொடுத்தாள்.

மறுநாள் புதுச்சேரிக்குப் பொழுது விடியுமுன்னே பஸ் ஏறினாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். திடீரென்று நிறுத்தியதுதான் காரணம். நிறுத்துவதானால் சில வருஷம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக. வெயில் மின்னும்போது இரண்டு கண்ணை மூடுவதைவிட ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தி மறைப்பது மேல் என்றும் சொல்லிக் காட்டினார். பாட்டைப் பற்றிக் கேட்டாள். “பயம் போறதுக்கு நல்லது. மாத்திரைக்குப் பதிலா இல்ல” என்றார்.

பாட்டை நிறுத்திவிடலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் வாசுகி சோற்றைத் தொடவில்லை. “பாட்டுல ஒண்ணும் இல்லம்மா, எங்கிட்டதான் தப்பு” என்று அழுதது பிள்ளை. வலிப்புக்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிற பிள்ளையை என்ன செய்வது? காசியம்மாள் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

“இது ஒங்ககிட்ட இருக்கட்டும். நா வேல முடிஞ்சு வர இருட்டிடுது, எம் புருஷன நம்பி இனிமே குடுக்க முடியாது. புள்ள முழுங்குறத கண்ணால பாத்துட்டுதான் பாட்டு ஆரம்பிக்கணும்.”

“என்னைய நம்புறீங்களா?”

“இல்லீங்க. ஆனா நீங்க ஒருநாளும் கிளாசு தவறுறதில்ல. அதப் பாத்திருக்கேன்.”

“இது பாட்டு வூடா, மருந்துக் கடையா?” என்று முனகிக்கொண்டே டீச்சர் டப்பாவை வாங்கி, தம்பூரா வைக்கிற மூலைக்குப் பக்கத்து மாடப்பிறையில் வைத்தாள். “தப்பு எம்மேலயும் இருக்குது. பாட்டுதான் சரி பண்ணுச்சுன்னு நானே நம்பிட்டேன்.”

“இன்னொண்ணு. ஒத்தக் கண்ண பொத்திக்கிட்டு மத்தக் கையால தாளம் போடப் பழக்குங்க.”

டீச்சர் பழக்கினாள். கூடப் படித்த பிள்ளைகள் முதலில் சிரித்தன, பிறகு அதுகளும் பொத்திக்கொண்டு பாடின.

பங்குனியில் ஸ்ரீமுஷ்ணம் போக வேண்டியிருந்தது. அதே காலை பஸ், அதே புளியமரங்கள். வாசுகியை உள்பக்கமாக உட்கார வைத்தாள் காசியம்மாள். வெயில் மின்ன ஆரம்பித்ததும் பிள்ளை உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, அம்மாவின் தொடையில் தாளம் போட்டாள். எதிர் சீட்டுக்காரர், “கண்ணுல தூசியா பாப்பா?” என்று கேட்டார். “இல்ல, பாட்டு” என்றாள் வாசுகி.

மரங்கள் முடிகிற வரைக்கும் காசியம்மாள் வெளியே பார்க்கவில்லை. அந்தச் சின்ன விரல்களில் தாளம் எங்கே தப்பப் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.