ஏணியில் நின்று கேட்ட சொனாட்டா

பர்னபாஸ் குளச்சல்காரர். அஜ்மானில் ஒற்றை அறை வீட்டில் மனைவி தேவகனியோடு குடியிருந்தார். தினமும் கம்பெனி வேனில் துபாய்க்குப் போய் ஏசி பழுது பார்ப்பது வேலை. கம்ப்ரசர் உறுமுவதைக் கேட்டே காஸ் குறைந்திருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குக் கம்பெனியில் மரியாதை உண்டு, பிரமோஷன்தான் கிடையாது.

ஜுமைராவில் அவர் பொறுப்பில் ஒரு வில்லா இருந்தது. அங்கே மேடம் அனாஹித் என்ற லெபனான்காரி தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர், பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பர்னபாஸ் ஃபில்டர் கழுவப் போகும்போதெல்லாம் அங்கே ஒரே இசைதான் ஓடும். ஒரு வயலின், ஒரு பியானோ, வேறொன்றும் இல்லை. ஆனால் போன முறை கேட்டதுபோல இந்த முறை இருக்காது. பிளேயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து, பார்த்துத் தரட்டுமா என்று கேட்டார். மேடம் சிரித்தார். இது சொனாட்டா என்னும் இசைக்கோவை, அது ஒன்றுதான், வாசிக்கிறவர்கள்தான் வேறு வேறு என்றார். பதினொரு ஜோடிகள் வாசித்த அதே சொனாட்டாவை ஒரு பென் டிரைவில் போட்டும் கொடுத்தார். பெயர்கள் கிடையாது, நம்பர் மட்டும். பெயர் தெரிந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி.

அஜ்மானிலிருந்து துபாய் போய்ச் சேர காலையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வேனில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்க, பர்னபாஸ் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். சர்வீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பும் எழுதினார். "2: பியானோ முந்துது. 5: வயலினில் காஸ் கம்மி. 7: தாள் புரட்டும் சத்தம். 9: யாரோ மூச்சு வாங்குறான், ஆஸ்துமா போல." சூப்பர்வைசர் ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, ஒன்பதாம் நம்பர் எந்த பில்டிங் என்று கேட்டார்.

தேவகனி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவளை உட்கார வைத்து நான்கு பதிவுகளைப் போட்டுக் காட்டினார்.

"எல்லாம் ஒண்ணுதானே. இதுல என்னத்தப் போட்டு கேக்கிய?"

"எட்டி, ஒரே மீனை நாலு பேரு கொழம்பு வச்சா ஒண்ணா இருக்குமா?"

அது தனக்கு நன்றாகத் தெரியும் என்று தேவகனி மாமியார் வைக்கும் குழம்பைப் பற்றி ஆரம்பித்ததும், பர்னபாஸ் அடுத்த நம்பரைப் போட்டுவிட்டார்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மதியம் மேடத்திடமிருந்து அவசரமாக போன் வந்தது. ஹால் ஏசி நின்றுவிட்டது, நாலு மணிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார். பர்னபாஸ் போய் ஏணி போட்டு ஏறி வேலையை முடிப்பதற்குள் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒரே சொனாட்டாவின் மூன்று பதிவுகளை, யார் வாசித்தது என்று தெரியாமல் கேட்டு மார்க் போடும் கூட்டம் அது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது பென் டிரைவில் இருந்த அதே சொனாட்டா. இசை தொடங்கிவிட்டதால் ஏணியிலிருந்து இறங்கினால் சத்தம் வரும் என்று பர்னபாஸ் மேலேயே நின்றுவிட்டார்.

மூன்றும் முடிந்தன. கூட்டத்தில் பெரிய காது டாக்டர் இர்ஷாதுடையது. லாகூர்க்காரர், இருதய நிபுணர். முதலாவதில் உயிர் இருக்கிறது, இரண்டாவது சுமார், மூன்றாவது வெறும் இயந்திரம் என்று அவர் பத்து நிமிடம் விளக்கினார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பர்னபாஸுக்குப் பொறுக்கவில்லை. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுதான் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மெதுவாகப் போகும் பகுதியில் வயலின் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது, எண்ணெய் காய்ந்த மோட்டார் மாதிரி, இரண்டிலும் அதே இடத்தில் என்றார். மேடம் திரும்பப் போட்டார். இரண்டிலும் நாற்காலி கிறீச்சிட்டது. ஒன்றையே தவறிப்போய் இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன் என்று மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படியானால் எது சிறந்தது, நீயே சொல் என்றார்.

அங்கேதான் பர்னபாஸ் மாட்டிக்கொண்டார். ஒரு வருஷமாகப் பழுதைத்தான் தேடியிருந்தார். நல்லது எது என்று யோசித்ததே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிவிட்டு, பென் டிரைவில் நாலாம் நம்பர் என்றார். மேடம் முகம் ஒரு மாதிரியானது. ஆனாலும் போட்டார்.

பாதியிலேயே டாக்டர் கையை உயர்த்தினார். இது காலேஜ் ஆண்டுவிழாத் தரம், பியானோக்காரர் ஒரு இடத்தில் தப்பாகவே வாசிக்கிறார் என்றார்.

பர்னபாஸ் மறுக்கவில்லை. தப்பு விழுந்ததும் வயலின் கொஞ்சம் ஓங்கி ஒலித்து அதை மூடிவிடுகிறது, பிறகு பழையபடி தணிந்துவிடுகிறது. மற்ற பத்து ஜோடியும் நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் இப்படிக் கவனிக்கவில்லை. அந்த ஒரு இடத்தை வேனில் எத்தனை முறை திருப்பிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது என்றார்.

மேடம் பிளேயரை நிறுத்தினார். பிறகு, அந்தப் பியானோ நான்தான், பெய்ரூட்டில் இருபத்திரண்டு வயதில் வாசித்தது என்றார். டாக்டர் இர்ஷாத் சமோசாத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மிகுந்த கவனத்தோடு சாப்பிடத் தொடங்கினார். வயலின் யார் என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு நிச்சயித்திருந்தவன், பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று மேடம் சாதாரணமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தேவகனிதான் கொதித்துப்போனாள்.

"தப்ப மறைக்கத் தெரிஞ்சவனுக்கு, கூட இருக்கத் தெரியலியா?"

அடுத்த மாதம் இருவருக்கும் அழைப்பு வந்தது. பர்னபாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவு முடிந்ததும் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார். முந்தின நாள் இரட்டை டியூட்டி பார்த்த தேவகனி, முதலாவதில் கண்ணயர்ந்து மூன்றாவது முடியும்போதுதான் விழித்தாள். அவளுடைய தேர்வு எது என்று டாக்டர் மரியாதையாகக் கேட்டார்.

இரண்டாவதுதான் என்றாள் தேவகனி. ஏன் என்று கேட்டதற்கு, அதில்தான் யாரும் எழுப்பவில்லை என்றாள். டாக்டர் அதையும் தன் தாளில் எழுதிக்கொண்டார்.