ஞானசவுந்தரி ஒப்புரவான வாரம்

சிங்காநல்லூரில் மூன்று நாள் நடந்த எழுப்புதல் கூட்டத்தின் கடைசி இரவில் ஞானசவுந்தரி அழுத அழுகையைக் கேட்டு, முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மில்லில் நூல் சுற்றி ஓய்ந்தவர், ஐம்பத்தெட்டு வயது. அக்கம்பக்கத்தாரைப் பற்றிப் பேசுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அந்த ஒன்றையும் முப்பது வருஷமாக ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார்.

"எழுப்புதல் வர்றது சுலபம், நிக்கிறதுதான் கஷ்டம்," என்றார் போதகர். தீங்கு செய்தவர்களின் வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்காவிட்டால் அக்கினி ஒரே வாரத்தில் அணைந்துவிடுமாம். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் 'மன்னித்தார்'. மற்றவர்கள் கணவன், மாமியார் என்று இரண்டு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஞானசவுந்தரி இன்னொரு தாள் கேட்டு வாங்கினார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு உமர் பாரூக்கின் கறிக்கடைக்குப் போனார். கடை நிறையக் கூட்டம்.

"பாய், உங்க தராசுல கோளாறுன்னு இந்த வீதி பூராச் சொல்லியிருக்கேனுங்க. அது பொய்யிங்க. மன்னிச்சுப்போடுங்க."

உமர் பாரூக் கத்தியைக் கீழே வைத்தார். "எனக்கே தெரியாதுங்களேம்மா இது?"

"அதுக்குத்தானுங்க நேர்ல வந்தேன்."

கூட்டம் மொத்தமும் தராசைப் பார்த்தது. ஞானசவுந்தரி தாளில் 'மன்னித்தார்' என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். சனிக்கிழமைக்குள் வீதியில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை. இவர் முகத்தில் மட்டும் அப்படியொரு பிரகாசம்.

மிச்சம் இருந்தது கீதா. எதிர்வீட்டு நாச்சியம்மாளின் மகள், பம்ப் கம்பெனியில் வேலை, வயது முப்பத்துமூன்று. நாலு வருஷத்துக்கு முன் கூடிவந்த சம்பந்தம் காரணம் சொல்லாமல் நின்றுபோயிற்று. நாச்சியம்மாள் ஜாதகத்தை நொந்துகொண்டு கோயில் கோயிலாக ஏறி இறங்கினார். உண்மையில், பெண்ணுக்கு வலிப்பு என்று பையன் வீட்டுக்கு ஞானசவுந்தரி மொட்டைக் கடிதம் போட்டிருந்தார். நாச்சியம்மாள் வாசல் தெளித்த தண்ணீர் இவர் படியில் பட்டுவிட்டது என்பதைத் தவிர வேறு பகை கிடையாது.

இந்த ஞாயிறு மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இதுவும் தவறினால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று கீதா தாயிடம் சொல்லிவிட்டாள். அது ஞானசவுந்தரிக்குத் தெரியும். தாளை அன்று மாலை ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஞாயிறு மதியம் பிஸ்கட் பாக்கெட்டோடு நாச்சியம்மாள் வீட்டுக்குள் நுழைந்தவர், கீதா காபித் தட்டை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் நடுவில் முழங்காலிட்டார்.

"கண்ணு கீதா, போன தடவ உனக்கு வலிப்புன்னு மொட்டக் கடுதாசி போட்டது நாந்தேன். அத்தனையும் பொய். மன்னிச்சுப்போடு அம்மணி."

மாப்பிள்ளையின் தாய் வெங்கடம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "வலிப்புங்களா?"

"இல்லவே இல்லீங்க! வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க! ஏசப்பா மேல ஆணையா இல்லீங்க!"

"இல்லாததுக்கா இத்தன ஆணை போடறீங்க?" என்று வெங்கடம்மாள் எழுந்தார். "ஊட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க. போயிட்டு வாரோமுங்க." மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் போனார்கள்.

முழங்காலிட்டவர் இன்னும் எழவில்லை. "மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. ஆறு மணிக்குத் தாளைக் கொடுக்கோணும்."

கீதா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

மாலை சபையில் ஞானசவுந்தரி மறுபடி அழுதார். முப்பத்தாறு பேர் மன்னித்துவிட்டார்கள், ஒரே ஒருத்தியின் இருதயம்தான் கல்லாகக் கிடக்கிறது என்றார். சபையே அந்தக் கல்லுக்காக ஜெபித்தது.

திங்கள் காலை கீதா வேலைக்குக் கிளம்பியபோது எட்டுப் பெண்கள் அவள் வாசலில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கசப்பின் ஆவி அவளை விட்டு ஓட வேண்டுமாம். வீதியே வெளியில் வந்து நின்று பார்த்தது. ஞானசவுந்தரி தாளையும் பேனாவையும் நீட்டினார். கீதா நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. 'மன்னித்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

"அல்லேலூயா!" என்றார்கள் எட்டுப் பேரும்.

ஞானசவுந்தரி தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தார். பிறகு பக்கத்தில் நின்றவரின் காதோரம் குனிந்தார்.

"வலிப்பு இல்லதானுங்க. ஆனா எழுதறப்ப அந்தக் கை என்ன நடுக்கம் நடுங்குச்சு, பாத்தீங்களா?"