குளுகுளு சார் பிடுங்கிய ஒயர்

ரத்த வங்கியில் அவருக்குக் குளுகுளு சார் என்று பெயர். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஏசி ஒழுங்காக ஓடுகிற அறை அவருடையது. அதை விட்டு அவர் நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. வேலை என்னவோ பெரிய வேலைதான். தானமாக வந்த சிவப்பணுப் பைகள் ஃப்ரிட்ஜில் சரியான குளிரில் இருக்க வேண்டும். குளிர் குறைந்தால் அணுக்கள் உடையும், கிருமி வளரும். குளிர் மிஞ்சி உறைந்தாலும் உடையும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம். அவர் பார்த்துக்கொண்டது தன் தூக்கத்தை.

தொந்தரவு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பைக்கில் ஆயில் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தபோது, அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கிளம்பிய மகானுபாவர். வீட்டில் மனைவி ஏதாவது குறை சொல்ல ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். எதையும் சரிசெய்ய மாட்டார். சொல்கிற வாயை அடைப்பதோடு சரி. பிள்ளைக்கு அமைதியான சுபாவம் என்று அவருடைய அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவள், வேறு என்ன சொல்வாள்?

ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் தேய்ந்து ரொம்ப நாளாயிற்று. முட்டியால் ஓர் இடி இடித்தால்தான் கதவு சேரும். சேராவிட்டால் அபாயமணி அலறும். இவரோ தன் தண்ணீர் பாட்டிலையும் திராட்சைப் பழத்தையும் ரத்தப் பைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, வாய் நமநமக்கும் போதெல்லாம் கதவைத் திறப்பவர். மணி அலறாமல் என்ன செய்யும்? ரப்பரை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எழுந்து போக வேண்டுமே! ஒரு மத்தியானம் தூக்கம் கெட்ட கடுப்பில் மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

"இப்பதான்யா நிம்மதியா இருக்கு" என்று காவலாளியிடம் பெருமை வேறு.

ஒரு விடுமுறை முடிந்து வந்த காலையில் ஃப்ரிட்ஜ் கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது. இடுக்கில் துருத்திக்கொண்டிருந்தது அவருடைய பாட்டில்தான். ஒரு பையைத் தொட்டார்; குளிர்ச்சியே இல்லை. அணுக்கள் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீரில் சிவப்பு கசிந்திருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பட்டம் வாங்கிய ஆள் ஆயிற்றே. எல்லாப் பைகளையும் ஒதுக்கிவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால், மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள்.

கதவை முட்டியால் இடித்துச் சாத்தினார். மத்தியானத்துக்குள் குளிர் பழைய அளவுக்கு வந்துவிட்டது. திராட்சையை எடுத்து முகர்ந்து பார்த்தார். புளித்த வாடை அடித்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைக் குப்பையில் போட்டார். ரத்தப் பைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்றைக்கென்று பார்த்து அவருடைய அக்காவை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பல நாளாக ரத்தப்போக்கு. முகம் வெளுத்துச் சுண்ணாம்பாகியிருந்தது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அக்காவின் வகை ரத்தம் இவருடைய ஃப்ரிட்ஜில் தட்டு நிறைய இருந்தது. ஆனால் குளுகுளு சார் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் வியர்க்க விறுவிறுக்க, ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு ரத்த வங்கிக்கு ஓடினார். ஓடுவதற்கு முன், பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண்ணுக்குப் பை கேட்டு ஆள் வந்தது. தன் ஃப்ரிட்ஜிலிருந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார்.

அக்காவுக்கு வெளி ரத்தம் ஏறியது. உடம்பில் சூடு திரும்பியதும் அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"உன் தம்பி உனக்காக எப்படி ஓடினார் தெரியுமா?" என்று உருகினார் அக்காவின் கணவர்.

அக்காவுக்கு அது இடித்தது. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் இவன். ஒரு தலைவலி மாத்திரை வாங்கி வரச் சொன்னாலே நாளைக்கு என்பவன், ரத்த வங்கியிலேயே வேலை பார்த்துக்கொண்டு ரத்தத்துக்காக ஊரின் மறுகோடிக்கா ஓடினான்?

பிரசவ வார்டில் இடமில்லாததால், பிரசவமான அந்தப் பெண்ணை அக்காவின் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். இடம் மாற்றியதில் தாமதமாகி, நர்ஸ் அப்போதுதான் அவளுக்கான பையைக் கம்பியில் தொங்கவிட்டு, ஊசி எடுத்துவர வெளியே போனார். அக்காவின் கட்டிலருகே நின்றிருந்த குளுகுளு சார் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இதே மாதிரித்தான் ஜன்னலைப் பார்ப்பான். அக்காவுக்கு அந்தத் திரும்பலே போதும்.

"டேய், அது உன் ஃப்ரிட்ஜ்ல இருந்து வந்ததா?"

"மெதுவா பேசு."

"எனக்கு ஆகாததை அந்தப் பொண்ணுக்குக் குடுத்தியா?"

"அக்கா, நீ சும்மா படு. என் வேலைக்கே உலை வெச்சுடாத."

அக்கா கட்டிலோரம் இருந்த அழைப்பு மணியை அழுத்தினாள். வார்டே அதிர அலறியது. விரலை எடுக்கவில்லை.

"விடுக்கா! எல்லாரும் வந்துடப் போறாங்க!"

"வரட்டும்டா."

அவருடைய கண்கள் சுவரெல்லாம் ஓடி அந்த மணியின் ஒயரைத் தேடின. அதற்குள் நர்ஸ் ஊசியோடு ஓடிவந்துவிட்டார்.

"அந்தப் பையை ஏத்தாதீங்க சிஸ்டர்" என்றாள் அக்கா. "ஏன்னு இவனைக் கேளுங்க."